வற்றல் ஏன் நமக்கிறது, ஊறுகாய் ஏன் பூக்கிறது?

தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் "இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைக்கவும், வருடம் முழுக்கக் கெடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ அதை அட்சரம் பிசகாமல் செய்தாலும், மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தால் மோர் மிளகாய் ஒடியாமல் வளையும். காம்போரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூத்திருக்கும். கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குறிப்பு பிறந்த காற்று வேறு, பேராக் தோட்டப்புறத்துக் காற்று வேறு. இதைப் புரிந்துகொள்ள ஒரு கருத்து தெரிந்தால் போதும். உணவு அறிவியலில் அதற்கு நீர்ச்செயல்பாடு என்று பெயர்.

உணவு கெடத் தண்ணீர் வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். தேனில் 17, 18 சதவீதம் தண்ணீர் உண்டு. மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நிலக்கடலையில் 10 சதவீதம் இருந்தாலே பூசணம் பிடித்துவிடும். தேனிலுள்ள தண்ணீரைச் சர்க்கரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கிருமிக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை. கடலையில் அப்படிப் பிடித்து வைக்க ஆள் போதாது. ஆக, கிருமி எடுத்துக்கொள்ளும்படி எவ்வளவு தண்ணீர் கட்டின்றி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை 0 முதல் 1 வரை அளப்பதே நீர்ச்செயல்பாடு.

வெறும் தண்ணீர் 1. பச்சைக் காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் 0.97-க்கு மேலே நிற்பவை. அதனால்தான் ஒரு நாளில் நாறிவிடுகின்றன. 0.91-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவது நின்றுபோகும். உப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூசணங்கள் 0.80-க்குக் கீழே வளராது. சில பிடிவாதக்காரப் பூசணங்கள் 0.61 வரை வரும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது. வற்றல், வடகம், பொடி வகைகளுக்கு நமக்கு வேண்டிய இலக்கு இந்த 0.60.

இனி நம் ஊருக்கு வருவோம். காற்றின் ஈரப்பதமும் இதே அளவுகோல்தான், நூறால் பெருக்கிச் சொல்கிறார்கள், அவ்வளவே. ஒரு பண்டத்தைத் திறந்து வைத்தால் அது சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போகும் வரை ஈரத்தை வாங்கும் அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் வற்றலும் மெல்ல மெல்ல 0.80-க்கு வந்து நிற்கும். தமிழ்நாட்டு உள்மாவட்டங்களில் கோடை மதியக் காற்று 40 சதவீதத்துக்கும் கீழே போகும். அங்கே திண்ணையில் விட்டாலே வற்றல் காயும், காய்ந்தது காய்ந்தபடி இருக்கும். இங்கே நல்ல வெயிலடிக்கும் மதியத்தில் 60 பக்கம் வரும். பொழுது சாய்ந்தால் ஏறத் தொடங்கி விடியற்காலையில் 95-ஐத் தாண்டும். பகலில் உழைத்துக் காயவைத்ததை இரவுக் காற்று திருப்பி நனைக்கிறது.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடியைப் பாருங்கள். உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசிய உப்பு கலந்த கல்லுப்பு அதற்கு முன்னாலேயே கசியும். காலையில் ஜாடியின் அடியில் நீர் கோத்திருந்தால் இரவு முழுக்க உங்கள் அடுப்படி 75-க்கு மேல் இருந்திருக்கிறது. உப்பு போட்ட வற்றலும் அதே இரவில் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

வெயிலின் வேலை என்ன?

வெயில் தண்ணீரை "உறிஞ்சுகிறது" என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது தட்டையும் தட்டை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது. காற்று சூடானால் அதன் ஈரப்பதச் சதவீதம் விழும். 32 டிகிரியில் 60 சதவீதமாக இருக்கும் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 23 சதவீதமாகிவிடும். ஆகவே மலேசியாவில் வற்றல் காயவே காயாது என்பதில்லை. காயும், சூடு இருக்கும் வரைதான் காயும்.

நடைமுறையில் இதற்கு மூன்று விளைவுகள் உண்டு. கருப்புத் தட்டு, கருப்புப் பிளாஸ்டிக் விரிப்பு வெள்ளைத் துணியைவிட நல்லது. தரையைவிட உயரமான இடம் நல்லது, ஏனென்றால் கிளம்பும் ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். மாலை 4 மணிக்குப் பிறகு வெளியே கிடப்பது நேரத்தை வீணாக்குவது மட்டுமல்ல, பின்னோக்கிப் போவது. காலை 9-க்கு வைத்து, தட்டு தொட்டால் சுடும்போதே, 3, 3.30 வாக்கில் எடுத்து மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுங்கள். பிற்பகல் இடிமழை எப்படியும் உங்களை எடுக்க வைத்துவிடும். மேற்குக் கரையில் பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் மழை குறைந்த மாதங்கள். ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் வற்றல் போடத் தோதில்லாதவை. தீபாவளிக்கு வற்றல் வேண்டுமென்றால் ஜூலையில் போடுவதுதான் புத்தி.

தகரக் கூரைமேல் காயவைப்பது பழைய லயத்து வழக்கம். சூடு அருமையாகக் கிடைக்கும். ஆனால் எலுமிச்சை, மாங்காய், மோரில் ஊறிய மிளகாய் போன்ற புளிப்பானவற்றை நேரடியாகத் தகரத்தில் பரப்பாதீர்கள். புளிப்பு தகரத்தின்மேல் பூசிய துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். முறமோ தட்டோ இடையில் இருக்கட்டும்.

முதல் நாள் மாலைக்குள் எடை பாதியாகவாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் மறுநாள் வெயிலை நம்பி இரவு மேசைமேல் வைத்திருக்காதீர்கள். தட்டோடு மூடாமல் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். குளிரில் கிருமி வேகம் குறையும், தானாகப் பனி நீக்கும் பெட்டியாக இருந்தால் உள்ளே கொஞ்சம் காயவும் செய்யும். மழை விடாவிட்டால் மேசை ஓவனில் 60, 65 டிகிரி வைத்து, கதவை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து உலர்த்தலாம். கதவைச் சாத்தினால் ஈரம் உள்ளேயே சுற்றும். அவசரப்பட்டு 100 டிகிரி வைப்பவர்கள் அதிகம். அப்போது மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும்; நடுவிலுள்ள தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் போகும். தொட்டுப் பார்த்தால் வற்றல், உள்ளே பச்சைக்காய்.

தோலோடு முழுசாகப் போடும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு. மிளகாய்த் தோலும் சுண்டைக்காய்த் தோலும் மெழுகு பூசியவை, தண்ணீரை விடாது. மிளகாயை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுங்கள். சுண்டைக்காயை அம்மிக்குழவியால் தோல் வெடிக்கும் அளவு மட்டும் தட்டுங்கள். நசுங்கினால் விதை கொட்டிப்போகும். காய்ந்த மிளகாயில் நான்கைந்தை எடுத்து நடுவில் ஒடித்துப் பாருங்கள். விதைகள் வெளிர் மஞ்சளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தால் சரி. விதையைச் சுற்றிச் சாம்பல் அல்லது கருந்தூள் இருந்தால் வெளித்தோற்றத்தை நம்பி அந்த ஈட்டை வைத்திருக்காதீர்கள்.

மோர் மிளகாய்க்கு ஒரு கிலோ பச்சைமிளகாய், 100 கிராம் உப்பு, அரை லிட்டர் கெட்டியான புளித்த தயிர். தண்ணீர் ஊற்றிக் கடைய வேண்டாம். ஊற்றும் ஒவ்வொரு கோப்பையையும் பிறகு வெயில்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் ஊறட்டும், தினம் ஒருமுறை கிளறுங்கள். ஊர் வழக்கப்படி பகலில் காயவைத்து இரவில் மறுபடி மோரில் போடும் சடங்கை இங்கே விட்டுவிடலாம் என்பதே எங்கள் முடிவு. வடித்து, நேராகக் காயவையுங்கள். சுவை இம்மியளவு குறையும்தான். பூசணத்துக்கு அது எவ்வளவோ மேல்.

எடைதான் சாட்சி

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் சொல்ல அனுபவம் வேண்டும். தராசால் சொல்ல அது தேவையில்லை. காம்பு நறுக்கிய வெண்டைக்காய் ஒரு கிலோ என்றால் அதில் தண்ணீர் ஏறக்குறைய 900 கிராம், சத்து 100 கிராம். 30 கிராம் உப்பு சேர்த்தால் காயாத சரக்கு மொத்தம் 130. சரியாகக் காய்ந்த வற்றலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் தங்கும். ஆக தராசு 140, 150 கிராம் காட்ட வேண்டும். 200 காட்டினால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு இன்னும் தண்ணீர். அது டப்பாவில் நிச்சயம் பூக்கும். பாகற்காயில் தண்ணீர் இன்னும் அதிகம், கிலோவுக்கு 940 கிராம். அதே உப்பு போட்டால் 100 கிராமில் வந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளியில் இரு முறை நிறுத்து, எடை மாறாவிட்டால் முடிந்தது. ஒடித்துப் பார்ப்பதானால் ஆறிய பிறகு ஒடியுங்கள். சூட்டில் எல்லாமே வளையும்.

ஆறியதும் உடனே கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு நிரப்பி இறுக மூடி ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்குங்கள். பெரிய துண்டில் மிஞ்சிய ஈரம் சிறு துண்டுகளுக்குப் பரவிச் சமமாகும். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் மீண்டும் வெயில். வியர்க்காவிட்டால் சிறுசிறு போத்தல்களாகப் பிரித்து வையுங்கள். பெரிய டின்னைத் தினமும் திறப்பவர் தினமும் அதற்குள் 80 சதவீதக் காற்றை ஊற்றுகிறார். சட்டியில் வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போடும் வழக்கம் நல்லதே, ஆனால் அதன் சக்தி கொஞ்சம்தான். காயாத வற்றலை அது காப்பாற்றாது.

ஊறுகாய்: காயவைக்காமலே நீர்ச்செயல்பாட்டைக் குறைப்பது

ஊறுகாயில் தண்ணீர் அப்படியே இருக்கும், உப்பு அதைக் கட்டிப்போடும். ஒரு கிலோ எலுமிச்சையில் தண்ணீர் ஏறக்குறைய 880 கிராம். 100 கிராம் உப்பு போட்டால் நீர்ச்செயல்பாடு 0.93 பக்கம் இறங்கும். 200 கிராம் போட்டால் 0.86. பூசணத்தை அது மட்டும் தடுக்காது என்பதை மேலே சொன்ன எண்களிலிருந்தே பார்க்கலாம். மீதி வேலையைப் புளிப்பு செய்கிறது: எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 2-க்கும் 2.6-க்கும் இடையில் இருக்கும். மேலும், பூசணத்துக்குக் காற்று வேண்டும். பழம் சாற்றுக்குள் மூழ்கியிருந்தால் அதுவும் கிடைக்காது. உப்பு, புளிப்பு, மூழ்கல் மூன்றும் சேர்ந்த காவல் இது. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும்.

செய்முறை: தோல் மெலிந்த லீமாவ் நிப்பிஸ் (சிறு எலுமிச்சை) ஒரு கிலோ. கழுவி, துடைத்து, மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். நான்காக நறுக்கி 200 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்து, பிளாஸ்டிக் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அமுக்கி அடையுங்கள். இரும்பு மூடி ஒரே மாதத்தில் துருப்பிடித்து உள்ளே உதிரும். சாறு மேலே வராவிட்டால் இன்னும் நான்கைந்து பழத்தைப் பிழிந்து ஊற்றுங்கள், தண்ணீர் மட்டும் கூடாது. தினம் ஒருமுறை குலுக்கினால் மூன்று வாரத்தில் பச்சைத்தோல் பழுப்பாகி, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவு மிருதுவாகும். பிறகு தாளித்துக்கொள்ளலாம். உப்பைக் கோப்பையால் அளக்காதீர்கள். ஒரு கோப்பைத் தூளுப்பு 280, 300 கிராம் வரும், கல்லுப்பு மணியின் பருமனுக்கேற்பக் குறையும். தராசுதான்.

ஈரக் கரண்டி போட்டால் ஏன் கெடுகிறது? இரண்டு சொட்டுத் தண்ணீர் ஒரு ஜாடி உப்பை நீர்த்துப்போகச் செய்யாதே என்று கேட்கலாம். அந்தச் சொட்டு ஜாடி முழுவதும் கலப்பதில்லை. மேற்பரப்பில் தங்கி, அந்த இடத்தில் மட்டும் நீர்ச்செயல்பாட்டை ஏற்றிவிடுகிறது. காற்றும் அங்கேதான் இருக்கிறது. ஜாடியை மூடி போட்டு வெயிலில் வைப்பதிலும் இதே கதைதான். உள்ளே ஆவி எழுந்து மூடியில் தண்ணீராகக் கோத்து, மாலையில் குளிர்ந்ததும் ஊறுகாய்மேல் சொட்டும். வாயில் துணி கட்டி வையுங்கள், ஆவி போகட்டும். எடுத்து ஆறியதும் ஒருமுறை கிளறி மூடுங்கள்.

இந்த ஊறுகாயில் ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழ். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் 100 கிராம் உப்பில் போட்டு, ஊறியதும் ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்வதே முறை.

எண்ணெயைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பலருக்கு உண்டு. எண்ணெய் கிருமியைக் கொல்லாது, காற்றை மட்டும் மறைக்கும். காற்று இல்லாத இடத்தையே விரும்பும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு அது வசதி. பச்சைப்பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து மேசைமேல் வைப்பது இதனால்தான் ஆபத்து. பூண்டில் புளிப்பு இல்லை, தண்ணீர் தாராளமாக உண்டு, காற்றை எண்ணெய் தடுத்துவிட்டது. உருவாகும் நஞ்சுக்கு நெடியும் இருக்காது, நிறமும் இருக்காது. பிஹெச் 4.6-க்குக் கீழே அது வளராது; ஆகவே பூண்டு ஊறுகாய் என்றால் முதலில் எலுமிச்சைச் சாற்றிலோ சமையல் வினிகரிலோ பல நாள் ஊறி, உள்வரை புளித்த பிறகே எண்ணெய்.

வினிகர் என்றதும் தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்துக்கு மலாயில் சூக்கா கெத்தா என்றே பெயர். சமையல் வினிகருக்கும் சூக்காதான். பால்மரம் சீவும் வீட்டில் இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில், ஒரே மாதிரி நிறமற்று இருக்கும். மாறிப்போனால் அந்த அமிலம் தொண்டையையும் வயிற்றையும் எரித்துவிடும். அமிலத்தை வேறு போத்தலுக்கு மாற்றாமல், வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். உரம், களைக்கொல்லி வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் மாங்காய் ஊறப்போட எடுக்கக்கூடாது. செம்பனை மரத்தைச் சுற்றி வெட்டாந்தரையாக இருக்கும் வட்டம் களைக்கொல்லி அடிக்கும் இடம். அதன் ஓரத்தில் கீரை, பாக்கு (சமைத்து உண்ணும் பெரணித் தளிர்) போன்றவற்றைப் பறிக்கவும் கூடாது.

ஊறுகாய்மேல் வெள்ளை படிந்தால் உற்றுப் பாருங்கள். தட்டையாக, சுருக்கம் விழுந்த ஏடு மாதிரி, நார் இல்லாமல் இருந்தால் அது ஈஸ்ட். தீங்கில்லை, வழித்தெடுத்து, சாறு ஊற்றி மூழ்கவைக்கலாம். பஞ்சு மாதிரி எழும்பி, பச்சை, கருப்பு, சாம்பல் நிறம் காட்டினால் பூசணம், ஜாடியோடு போகட்டும். வற்றல், கடலை, கொப்பரை, மிளகாயில் பூசணம் வந்தால் பொறுக்கி எடுத்து மீதியை வறுக்கும் பழக்கம் வேண்டாம். அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நஞ்சு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுசாகப் போகாது. 1988-இல் இதே பேராக்கில் லாவ் ஷூ ஃபன் என்ற அரிசி மீ சாப்பிட்டு 13 குழந்தைகள் இறந்தபோது, மருத்துவ ஆய்வுகள் சுட்டிக்காட்டிய நஞ்சு இது.

கருவாடு வீட்டில் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கெம்போங் போன்ற மீன் வெப்பத்தில் நேரமாகிக் காய்ந்தால் ஹிஸ்டமின் சேரும், அதுவும் சமைத்தால் போகாதது. வாங்கும்போது இளஞ்சிவப்புக் கறை படிந்த துண்டைத் தவிருங்கள். வாங்கியதை ஃப்ரீசரில் போடுங்கள்.

காய் எங்கே எடுப்பது? சுண்டைக்காயும் மிளகாயும் வீட்டுப் பின்புறத்தில் சுலபமாக வரும். பெரிய ஈட்டுக்கு பாசார் தானியில் (விவசாயிகள் சந்தையில்) விவசாயியிடம் மொத்தமாகக் கேட்டால் மலிவு. கடை கட்டும் நேரத்துக் கழிவு விலைச் சரக்கில் அடிபட்டது அதிகம், அது அன்றைய குழம்புக்கு ஆகும், ஜாடிக்கு ஆகாது. வீட்டுச் செடியில் மழை விட்டு இரண்டு நாள் கழித்து, பனி உலர்ந்த முற்பகலில் பறியுங்கள்.

எல்லாவற்றையும் வற்றலாக்கித்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. கறிவேப்பிலை, பிட்டாய் (நெடியடிக்கும் ஒரு மரத்தின் கொட்டை), முருங்கைக்கீரை, காம்பு நீக்கிய மிளகாய் எல்லாம் ஃப்ரீசரில் நன்றாக இருக்கும். அங்கே வைத்த வற்றல் போத்தலை எடுத்தவுடன் மட்டும் திறக்காதீர்கள். குளிர்ந்த வற்றல்மேல் நம் ஊர்க் காற்று நொடியில் தண்ணீராகக் கோக்கும். மூடியபடியே ஒரு மணி நேரம் மேசைமேல் வைத்து, போத்தலின் வெளிப்புற வியர்வை உலர்ந்த பிறகு திறவுங்கள்.